மரீத்தாவின் மேலுதடு

ஒருவரின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தால் போதும், மரீத்தாவுக்குப் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். உதட்டுக்கடியில் அதக்கும் ஸ்னூஸ் புகையிலையை இடப் பக்கம் வைக்கிற ஆளா வலப் பக்கம் வைக்கிற ஆளா, ஈரப் புகையிலைத் தூளை விரலால் உருட்டி வைக்கிறாரா, இல்லை கடையில் விற்கும் சின்ன வெள்ளைப் பொட்டணத்தைச் செருகுகிறாரா, எத்தனை வருஷப் பழக்கம், தூங்கும்போதும் வாயில் இருக்கிறதா, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனியைப் போல வெளுத்துச் சுருங்கிய தோல். பல்லின் வேரைக் காட்டிக்கொண்டு பின்வாங்கிப் போன ஈறு.

"எட்டாம் வகுப்புலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்பாள். நாற்காலியில் கிடக்கும் ஆள் கண்ணை உருட்டுவான். எப்படித் தெரிந்தது என்று கேட்க வாய் காலியாக இருக்காது.

கிரானோஸ் ஊரின் அரசுப் பல் மருத்துவமனையில் இருபத்தேழு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. அவள் டாக்டர் இல்லை. பல்லைக் குடைவதும் பிடுங்குவதும் டாக்டரின் வேலை. பற்காரை சுரண்டுவதும், ஈறைப் பார்ப்பதும், பேசிப் பேசிப் புகையிலையை விடவைப்பதும் மரீத்தாவின் பாடு. மரம் வெட்டப் போகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் நிறைந்த அந்த வடக்கத்தி ஊரில் இது சின்ன வேலை இல்லை. போதகர் முதல் போலீஸ்காரர் வரை மேலுதடு புடைத்துத்தான் இருக்கும். அப்படியும் நாற்பத்தொரு பேரை அவள் விடவைத்திருந்தாள். அந்த நாற்பத்தொன்றில் ஒருவன் அவள் கணவன் ஹோக்கன்.

அவளுடைய மேலுதட்டை மட்டும் பதினோரு வருஷமாக யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் கூட்டம் இல்லாத நாளில் வேலை செய்பவர்கள் ஒருவர் பல்லை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். மரீத்தா மட்டும் நழுவிவிடுவாள். "எனக்கு ஊமியோ நகரத்துல ஒரு தனியார் டாக்டர் இருக்கார், பழைய பழக்கம்" என்பாள். அப்படி ஒரு டாக்டர் இல்லை. சிரிக்கும்போது உதட்டை மேலே போகவிடாமல் சிரிக்க அவள் பழகியிருந்தாள். வாயை மூடிச் சிரிக்கும் அடக்கமான பெண் என்று ஊரில் பெயர்.

அவள் முதலில் ஸ்னூஸ் வைத்தது பதினைந்து வயதில், பள்ளி ஹாக்கி அணியின் உடை மாற்றும் அறையில். இருபத்து நான்கு வயதில் மகள் வயிற்றில் இருந்தபோது விட்டாள். பதினேழு வருஷம் தொடவில்லை. அந்தப் பதினேழு வருஷத்தில்தான் பயிற்சிக்குப் போய், புகையிலையை விடவைப்பது எப்படி என்று படித்து, சான்றிதழ் வாங்கி மாட்டினாள்.

பிறகு ஹோக்கன் விட்டான். நீர்மின் நிலையத்தில் மின்வேலை பார்க்கிறவன், பொறுமைசாலி. அந்த மார்ச் மாதம் மட்டும் வேறு ஆளாக இருந்தான். கதவை அறைந்தான், செய்தி வாசிக்கிறவரைப் பார்த்துக் கத்தினான், அடுப்படி இழுப்பறையை ஒரே நாளில் மூன்று முறை அடுக்கினான். மரீத்தா படித்ததையெல்லாம் அவனிடம் செய்தாள். நாள் குறித்தாள், நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிக்கொடுத்தாள், கூட நடந்தாள். கடைசி டப்பாவை அவள் கையில் கொடுத்து, "நீயே எறிஞ்சிடு, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு அவன் ஏரிப் பக்கம் நடக்கப் போனான்.

அவள் அடுப்படியில் நின்று மூடியைத் திறந்தாள். இவ்வளவு பாடுபடுகிறானே, அப்படி என்னதான் இருந்தது இதில் என்று ஞாபகப்படுத்திப் பார்க்க, ஒன்றே ஒன்றை எடுத்து உதட்டுக்கடியில் வைத்தாள். அவ்வளவுதான். ஹோக்கன் புகையிலையை விட்ட செய்தியோடு மாவட்டப் பத்திரிகையில் இருவரும் தோளோடு தோள் நின்ற படம் வெளிவந்தபோது, அந்தப் படத்திலேயே அவள் வாயில் ஒன்று இருந்தது.

அன்றிலிருந்து அவள் நாள் முழுக்க ஒளிந்து விளையாடினாள். உள்ளூர்க் கடையில் வாங்க முடியாது. கல்லாவில் உட்காருகிறவள் அவளிடம் பல் சுத்தம் செய்துகொள்கிறவள். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு வாயும் அவளுக்குத் தெரிந்த வாய். எழுபது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை பிரியும் இடத்து பெட்ரோல் பங்க்கில் பத்து டப்பா அடுக்கிய சுருளாக வாங்கி, காரின் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்துக்குள் திணித்து வைப்பாள். ஹோக்கன் வேலைக்குக் கிளம்பிய அடுத்த நிமிஷம் முதல் பொட்டணம். வழியில், மர லாரிகள் திரும்புகிற ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டாவது. மருத்துவமனைக் கழிப்பறையில் பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு. வீட்டுக்குத் திரும்பும் முன் துப்பி, வாய் கொப்பளித்து, புதினா மிட்டாய்.

மாஸ்க் அவளுக்குப் பெரிய துணையாக இருந்தது. அதற்குப் பின்னால் பொட்டணத்தை அதக்கிக்கொண்டு, நாற்காலியில் கிடப்பவரிடம், "உன் உடம்பு கேட்கலை, பழக்கம்தான் கேட்குது. பத்து நிமிஷம் தள்ளிப்போடு, போயிடும்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் அவளை இன்னும் இறுக்கியது. பத்து நிமிஷம் தள்ளிப்போட்டுப் பார்த்திருக்கிறாள். இருநூறு முறையாவது நிறுத்தியிருப்பாள், யாருக்கும் தெரியாமல். விழுந்ததும் யாருக்கும் தெரியாமல்தான். விடவைக்கிறவள் ஒருத்தி அவளிடமே உதவி கேட்டு வந்தால் என்ன சொல்லுவாள்? யாரிடமாவது சொல் என்பாள். முதல் பாடமே அதுதான்.

நவம்பர் கடைசியில் எவெர்ட் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், மனைவி கிடையாது, ஒரு வேட்டை நாய் உண்டு. பதிமூன்று வயதிலிருந்து ஈரத் தூள். டாக்டர் டெஸ்பினா அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்து, தடித்துப் போயிருந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். கெட்டது எதுவும் இல்லை என்றுதான் பதில் வந்தது. ஆனால் பதில் வருவதற்கு ஆன பத்து நாளில் எவெர்ட் பாதி உருகிவிட்டார். நேராக மரீத்தாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நிறுத்திடறேன். எப்படின்னு சொல்லு."

"அவசரப்படாத. முதல்ல ஒரு நாள் குறிப்போம்."

"ஒண்ணு கேட்கணும், மரீத்தா. நீ எப்பவாவது வச்சிருக்கியா? இல்ல, புத்தகத்தைப் படிச்சுட்டுப் பேசுறியா?"

மாஸ்க்குக்குப் பின்னால் அவள் நாக்கு பொட்டணத்தை மேலே தள்ளியது. "வச்சிருக்கேன். இருபத்தி நாலு வயசுல விட்டேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

அவள் சொன்னாள். கதவை அறைந்தது, இழுப்பறையை அடுக்கியது, செய்தி வாசிக்கிறவரைத் திட்டியது, எல்லாவற்றையும் தனக்கு நடந்ததாகச் சொன்னாள். ஹோக்கனின் மார்ச் மாதத்தை எடுத்து அப்படியே போர்த்திக்கொண்டாள். எவெர்ட் வாய் பிளந்து கேட்டார்.

"நீயே அந்தப் பாடு பட்டு வெளிய வந்திருக்க. அப்ப நானும் வந்துருவேன்" என்றார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் நிறுத்தினார். வண்டி ஓட்டும்போதுதான் தாங்காது என்றார். தாங்காதபோது கூப்பிடு என்று மரீத்தா தன் சொந்த எண்ணைக் கொடுத்தாள். அவர் கூப்பிட்டார். காலையில், மத்தியானத்தில், சாப்பாட்டு நேரத்தில்.

"என் நாய்கூட என்னைக் கண்டா ஒதுங்குது, மரீத்தா. குரைக்கிறது இப்ப நான்தான்."

"சூயிங்கம் மெல்லு."

"மெல்லுறேன். தாடை கழண்டு மடியில விழுந்துரும் போல. நீ எத்தனாவது வாரத்துல மனுஷியான?"

"ஆறாவது வாரம்."

"அப்ப இன்னும் நாலு வாரம். நீ தாங்கின, நான் தாங்க மாட்டேனா?"

ஒவ்வொரு முறை ஃபோனை வைத்ததும் அவள் கழிப்பறைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டாள். அந்த மனிதர் பிடித்துத் தொங்குகிற கயிறு தன் வாயிலிருந்து நீண்டிருக்கிறது என்பதும், அது எதில் கட்டியிருக்கிறது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரியில் அவள் இடப் பக்க மேலுதட்டின் உள்ளே புண் ஒன்று வந்தது. வெளுத்த சுருக்கத்தின் நடுவில், பயறு அளவுக்குச் சிவப்பாக. பொட்டணத்தை வலப் பக்கம் மாற்றிக்கொண்டாள். கையடக்கக் கண்ணாடியை வைத்துக் காலையிலும் மாலையிலும் பார்த்தாள். ஒரு வாரம். இரண்டு வாரம். காத்திருப்பு அறைச் சுவரில், இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் காட்டுங்கள் என்று ஒட்டியிருந்த தாளை ஒட்டியவளே அவள்தான். மூன்றாவது வாரம் அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். எங்கே காட்டினாலும் மாவட்டத்தின் கணினியில் ஏறும், டெஸ்பினா பார்ப்பாள். ஊமியோவில் உண்மையாகவே ஒரு தனியாரிடம் கேட்டாள், ஏப்ரலில் வரச் சொன்னார்கள். ஹோக்கனிடம் என்ன சொல்லிப் போவது என்று யோசித்து அதையும் ரத்து செய்தாள். நான்காவது வாரம். அடுத்தவர் வாயில் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதியிருப்பாள்.

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழேகால் மணி. பனி கண்ணை மறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மர லாரிகளின் ஒதுக்கிடத்தில் வழக்கம் போல நின்று, வழக்கம் போல ஒன்றை வைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பினாள். ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாமல் பனி மூடியிருந்தது. வலப் பக்கச் சக்கரங்கள் இரண்டும் இறங்கி, கார் மெதுவாகச் சாய்ந்து பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அடி எதுவும் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் வண்டி அசையவில்லை.

பத்து நிமிஷத்தில் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பனி தள்ளும் வண்டி வந்தது. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் வேறு யார் வருவார்கள்? எவெர்ட் இறங்கி வந்தார்.

"மரீத்தா! இங்க என்ன பண்ற? வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம்கூட வரல, அதுக்குள்ள ஓரங்கட்டியாச்சா?"

"ஒரு ஃபோன் வந்துச்சு. பேச நிறுத்தினேன்."

"நல்லா நிறுத்தின போ. சரி, பயப்படாத, கட்டி இழுத்துடலாம். இழுவைக் கொக்கி எங்க?"

"என்ன கொக்கி?"

"கார் மூக்குல திருகி மாட்டுற கொக்கி. ஸ்டெப்னி பள்ளத்துலதான் இருக்கும், எல்லா வண்டியிலயும்."

பதினோரு வருஷமாக அந்தப் பள்ளத்துக்குள் கையை விட்டவள் அங்கே ஒரு கொக்கி இருப்பதைக் கவனித்ததே இல்லை. "இரு, நானே எடுக்கறேன்" என்று அவள் சாய்ந்த வண்டியின் கதவைத் தள்ளித் திறந்து வெளியே வருவதற்குள் அவர் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கியிருந்தார்.

திரும்பியபோது ஒரு கையில் கொக்கி. மறு கையில் டப்பாச் சுருள். பத்தில் எட்டு மிச்சம்.

"யாருது இது?"

அந்த நேரத்திலும் அவள் வாயில் ஒன்று இருந்தது. உதட்டை அசைக்காமல் சொன்னாள், "ஹோக்கனோடது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"ஹோக்கனா?" எவெர்ட் முகத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "பேப்பர்ல படம் வந்துச்சே. உன் கூட நின்னானே. அவனா?"

"அவன்கிட்ட எதுவும் கேட்டுடாத."

"பதினோரு வருஷம் இருந்தவனே திரும்பிப் போயிட்டான்னா நான் எம்மாத்திரம், மரீத்தா? எனக்கு ஒன்பது வாரம்தான் ஆகுது. அதுவும் வீட்டுலயே உன்னை வச்சுக்கிட்டு..."

அவர் சுருளை இருந்த இடத்திலேயே வைத்து, விரிப்பை மூடினார். கொக்கியை மாட்டினார், வண்டியை இழுத்து மேலே ஏற்றினார். கிளம்பும்போது சொன்னார்: "சனிக்கிழமை ஸ்னோ ஸ்கூட்டர் கிளப்புல அவனைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. அவன் மூஞ்சியைப் பார்த்தா கேள்வி தானா வந்துரும்."

அன்று முழுவதும் மரீத்தா பற்காரை சுரண்டினாள். எட்டு வாய்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். சும்மா இருந்தால் சனிக்கிழமை ஹோக்கன் செய்யாத குற்றத்துக்கு ஊர் முன்னால் நிற்பான். அவன் மறுப்பான், எவெர்ட் நம்பமாட்டார். நம்பினால் அடுத்த கேள்வி அவளிடம் வரும். ஹோக்கனைத் தனக்காகப் பொய் சொல்லச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி வீட்டில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். ஹோக்கன் சூப்பில் கடுகைக் கரைத்துக்கொண்டிருந்தான். மரீத்தா கரண்டியை எடுக்கவில்லை.

"இன்னிக்கு எவெர்ட் நம்ம கார்ல ஸ்னூஸ் பார்த்தார். உன்னோடதுன்னு சொல்லிட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னோடதா? எனக்கெதுக்கு?"

"என்னோடது, ஹோக்கன்."

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். "எப்போலேர்ந்து?"

"நீ விட்டியே, அந்த நாள்லேர்ந்து."

"என் டப்பாவுலேர்ந்தா?"

அவள் தலையாட்டினாள். அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், உட்காரவில்லை. கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"பதினோரு வருஷமா தினமும் எனக்கு ஆசை வருது, தெரியுமா? தினமும். சாப்பிட்டதும் வரும், வண்டியில ஏறினா வரும். உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நீ அவ்வளவு பெருமையா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்த, எப்படிச் சொல்றது? நான் ஒருத்தன்தான் இந்த வீட்டுல பலவீனமான ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ கார் வரைக்கும் போய் வச்சுக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்திருக்க."

"ஆமா."

"என் மேல வேற போட்டிருக்க."

"ஆமா."

சூப்பு ஆறிப்போனது. அவள் புண்ணைப் பற்றியும் சொன்னாள். நான்கு வாரம் என்று கேட்டதும் அவன் கோபமெல்லாம் வேறு எங்கோ போய்விட்டது. "காட்டு" என்றான். அவள் உதட்டைத் தூக்கினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வெகுநேரம் பார்த்தான். "நாளைக்குக் காலையில முதல் வேலையா டெஸ்பினாகிட்ட போற. இல்லேன்னா நான் வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்" என்றான்.

டெஸ்பினா கிரேக்க நாட்டிலிருந்து வந்தவள், முப்பத்து நான்கு வயது. நான்கு வருஷமாக எதிர் அறை. மரீத்தா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்ததைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பெரிது என்று விளங்கிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றச் சொன்னாள். விளக்கை இழுத்தாள். உதட்டைத் தூக்கினாள்.

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு. அதுக்கு முன்னாடி ஒன்பது."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பன்னெண்டு. சில நாள் பதினாலு."

"எழுந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் ஒண்ணு?"

"ஹோக்கன் கார் திரும்பின உடனே."

இதே வரிசையில் இதே கேள்விகளைப் புதிதாக வந்த டெஸ்பினாவுக்குச் சொல்லிக்கொடுத்தது மரீத்தாதான். பழக்கத்தின் பிடியை அளக்கும் அந்தக் கணக்கில் தனக்கு எத்தனை மதிப்பெண் விழுகிறது என்று படுத்தபடியே கூட்டிக்கொண்டிருந்தாள். மிக அதிகம்.

"நான் உன்கிட்ட ஒரு தடவைகூட கேட்கல" என்றாள் டெஸ்பினா. "தெருவுல போறவன் உதட்டையெல்லாம் தூக்கிப் பார்க்குறோம். உன்கிட்ட கேட்கணும்னு தோணவே இல்ல, பாரு."

"கேட்டிருந்தா இல்லேன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்ப. அடுத்த தடவை மறுபடி கேட்டிருப்பேன்." புண்ணை அளந்தாள், படம் எடுத்தாள். "பதினாலு நாள். வாயில ஒரு பொட்டணம்கூட வைக்கக் கூடாது. சூயிங்கமும் தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பட்டையும் தரேன், உனக்குத் தெரியும் எல்லாம். பதினாலு நாள்ல ஆறலேன்னா வெட்டி அனுப்புறேன்."

"இந்த வேலையை இனி நான் பார்க்கக் கூடாது, டெஸ்பினா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு விடச் சொல்றது? வேற யாருக்காவது குடு."

"வேற யாரு இருக்கா? எனக்கு நேரம் இருக்கா? ஆள் வேணும்னு ரெண்டு வருஷமா கேட்குறோம், ஒருத்தரும் இந்தக் குளிருக்கு வர மாட்டேங்குறாங்க. நீதான் பார்க்கணும். இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாரு."

எவெர்ட்டிடம் மத்தியானம் ஃபோனில் சொன்னாள். வண்டியை ஒதுக்கி நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னாள். ஹோக்கனுடையது இல்லை, தன்னுடையது. கதவை அறைந்தது, இழுப்பறையை அடுக்கியது எல்லாம் ஹோக்கன், தான் இல்லை.

"நான் உன்கிட்ட பேசும்போதெல்லாம்?" என்றார் எவெர்ட்.

"வாயிலதான் இருந்துச்சு."

"ஒன்பது வாரமா ஒரு முட்டாள்கிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசியிருக்க."

"அப்படி இல்ல, எவெர்ட்..."

அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு கூப்பிடவில்லை.

பதினான்கு நாளும் மரீத்தா ஒன்றும் வைக்கவில்லை. கை தானாக ஸ்டெப்னி பள்ளத்துக்குப் போனது. ஹோக்கன் அதைக் காலி செய்திருந்தான். ஒரு கிழவரின் ஈறைக் குத்தி ரத்தம் வரவைத்து மன்னிப்புக் கேட்டாள். அலமாரிகளில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். ஹோக்கன் பார்த்துக்கொண்டிருந்தான், உதவிக்கு வரவில்லை, ஆனால் அறையை விட்டும் போகவில்லை. பயம்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. புண் கண்ணுக்கு முன்னால் சுருங்கியது. பதினைந்தாம் நாள் டெஸ்பினா பார்த்தபோது இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. "வெட்ட வேண்டாம். மூணு மாசம் கழிச்சு பார்க்கலாம்" என்றாள்.

மரீத்தா தாழ்வாரத்தில் நின்று அழுதாள். பயம் போய்விட்டது. பயம் போனதும், பிடித்து வைத்திருந்த கையும் போய்விட்டது என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது.

இருபத்து மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு, உள்ளூர்க் கடைக்குள் நடந்து, கல்லாவுக்குப் பக்கத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து, பாலுக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் வைத்தாள். பின்னால் நான்கு பேர் வரிசையில்.

கல்லாவில் இருந்தவள் டப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஹோக்கனுக்கா?"

"இல்ல. எனக்கு."

ஒளிக்காமல் வாங்கினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து வைத்துக்கொண்டபோது பழைய சுகம்தான், பழைய வெறுப்புதான். இப்போது ஊருக்கே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்குப் போய் ஹோக்கனிடம் சொன்னாள். "சரி, எங்க இருக்குன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத. நான் போய் எடுத்துருவேன்" என்றான்.

மார்ச் கடைசியில் எவெர்ட்டின் முறை வந்தது. அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். வந்தார், படுத்தார், வாயைத் திறந்தார். அவள் கட்டைவிரலால் உதட்டைத் தூக்கினாள். பல் இடுக்கில் பழுப்புத் தூள்.

"உன் மேல இருந்த கோவத்துல ஒரு டப்பா வாங்கினேன்" என்றார், அவள் கையை எடுத்ததும். "அது தீர்ந்துச்சு. கோவமும் தீர்ந்துச்சு. ஆனா அடுத்த டப்பா வந்துருச்சு."

"என்னாலதான்."

"உன்னாலதான். உன்னால மட்டும் இல்ல. நாப்பத்தஞ்சு வருஷமா உன்னைக் கேட்டுக்கிட்டா வச்சேன்?" அவர் எழுந்து உட்கார்ந்தார். "நீ கடைசியா எப்போ வச்ச?"

மரீத்தா மாஸ்க்கைக் கழற்றினாள். "காலையில. ஏழு மணிக்கு."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பரவாயில்ல. நான் உள்ள வர்றதுக்கு முன்னாடிதான் துப்பினேன்."

"நாள் குறிப்போமா?"

"ஈஸ்டர் முடியட்டும். ஏரியில பனியைத் துளைச்சுத் தூண்டிலைப் போட்டுட்டு, வாயில ஒண்ணுமில்லாம எவன் உட்காருவான்?"

"ஈஸ்டருக்கப்புறம் வேற ஏதாவது வரும். நாளைக்கே."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

எவெர்ட் அந்த நாளைக் காப்பாற்றவில்லை. ஈஸ்டருக்கு ஏரியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆனால் மே மாதம், பனி வேலை முடிந்து வண்டியை ஒப்படைத்த அன்று நிறுத்தினார், பிறகு தொடவில்லை. மரீத்தா மூன்று முறை விழுந்தாள். ஏப்ரலில் ஒரு முறை, கோடையில் மகள் வந்து போன வாரம் ஒரு முறை, காரணமே இல்லாமல் செப்டம்பரில் ஒரு முறை. சூயிங்கம் பெட்டியில் மூன்று மாதம் வரை என்று போட்டிருக்கிறது. அவள் ஒரு வருஷத்துக்கு மேலாக மெல்லுகிறாள். நெடுஞ்சாலை பிரியும் இடத்து பெட்ரோல் பங்க் வழியாகப் போக வேண்டியிருந்தால் ஹோக்கனை ஓட்டச் சொல்கிறாள். ஹோக்கன் இப்போது, சாப்பிட்டு முடித்ததும், "இப்ப வருது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போகிறான்.

மருத்துவமனையில் இரண்டு பேர் அவளிடம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் வருகிறார்கள், வேறு எங்கே போவது? கேட்பவர்களிடம் அவள் கணக்கைச் சொல்கிறாள்: இத்தனை வாரம், இத்தனை நாள். போன செவ்வாய்க்கிழமை, மர லாரி ஓட்டுகிற ஒருவன், வாயில் பஞ்சுச் சுருளோடு, "இப்பவும் உனக்கு ஆசை வருமா?" என்று குழறிக் கேட்டான்.

"இப்போ வருது" என்றாள் மரீத்தா. "வாயை நல்லா திற."